தையல்காரர் முகம்

சம்பளம் கிடையாது. அடிபட்டால் கேட்கக் கூடாது என்று முன்கூட்டியே கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். நாள் பூரா வெயிலில் நிற்க வேண்டும். உட்காரக் கூடாது, போன் பேசக் கூடாது, யார் ஜெயித்தாலும் கை தட்டக் கூடாது. இதற்குப் பெயர் தொண்டாம். கார் பந்தயத்தில் ரோட்டோரம் கொடி பிடித்து நிற்கும் வேலையைப் பற்றி மகள் இப்படி விளக்கிச் சொன்னபோது பிரேக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இதுல எவன் சம்பாதிக்கிறான்?"

மகள் சிரித்தாள். எவனோ சம்பாதிக்கிறான், இவளுக்குச் சொல்லவில்லை என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார்.

பிரேக்கு என்பது பட்டப்பெயர். பஸ் டிப்போவில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தலை நரைத்து வெளியே வந்த நாள் வரை பிரேக் மட்டுமே பார்த்தவர். இன்னொருத்தன் மாட்டிய சக்கரத்தைத் தன் காலால் ஒரு மிதி மிதித்துப் பார்க்காமல் பஸ்ஸை வெளியே விட்டதில்லை. வீட்டிலும் அதே கதைதான். டாக்டர் எழுதிய மாத்திரையைப் பற்றி மருந்துக்கடையில் விசாரிப்பார். மருந்துக்கடைக்காரன் சொன்னதை எதிர்க்கடையில் விசாரிப்பார். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவார், திரும்பி வந்து பூட்டைப் பிடித்துத் தொங்குவார். "உங்களைக் கட்டிக்கிட்டு நான் ஒரு இடத்துக்காவது நேரத்துக்குப் போயிருக்கேனா?" என்று மனைவி கேட்காத நாள் கிடையாது.

அப்படிப்பட்ட மனுஷன் சம்பளமில்லாத வேலைக்கு வந்து நின்றது மகளுக்காக. ஒரே மகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வாரம் பூரா அடுத்தவர் கண்ணுக்குக் கண்ணாடி மாற்றி மாற்றிப் போட்டு, இது தெரியுதா, இப்பத் தெரியுதா என்று கேட்டுக்கொண்டிருப்பாள். லீவு நாள் வந்தால் ஆரஞ்சு அங்கியை மாட்டிக்கொண்டு பந்தயத்துக்குக் கிளம்பிவிடுவாள். கொடி பிடிக்கிற வேலைகூட இல்லை. கார் கவிழ்ந்தால், மோதினால், தீப்பிடித்தால், தடுப்பைத் தாண்டி ரோட்டுக்குள் குதித்து ஆளை இழுத்து வெளியே போடுகிற வேலை. பெண் பார்க்க வந்தவர்கள், "லீவுல என்னம்மா பண்ணுவே?" என்று ஆசையாகக் கேட்டார்கள். "எரியற காரை அணைப்பேங்க" என்றாள். வந்தவர்கள் காபியைக்கூட முடிக்கவில்லை.

ஒருநாள் ஒரு பக்கத்துப் புருவம் கருகி வீட்டுக்கு வந்தாள். மனைவி அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "ஏங்க, ஒண்ணு அவளை நிறுத்துங்க. இல்லேன்னா நீங்களும் கூடப் போங்க."

அவளை நிறுத்த அவளைப் பெற்றவராலேயே முடியாது. அதனால் போனார்.

பந்தயப் பாதை நெடுகிலும் இடம் விட்டு இடம் சின்னச் சின்னக் காவல் மேடைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர். இவர்கள் மேடைக்குத் தலைவர் ஒரு டிராயிங் வாத்தியார். ரேடியோ அவரிடம்தான் இருக்கும். பந்தயத்தன்று காலையில் கொடிகளைப் பிரித்துக் கொடுத்தபோதே பிரேக்கு ஆரம்பித்துவிட்டார்.

"மஞ்சக் கொடியை எங்கிட்ட குடுங்க."

"அது உங்க கூட நிக்கப்போற தையல்காரருக்குங்க."

"ஏன், எனக்குக் கண்ணு தெரியாதா?"

"நல்லாத் தெரியும்யா. அதான் வம்பு" என்றார் வாத்தியார். "மஞ்சக் கொடிக்காரர் கீழ்ப்பக்கம் பார்த்து நிக்கணும். கார் விழுந்தா உங்க பொண்ணு இறங்கி வேலை செய்யற பக்கம். பொண்ணு ரோட்டுல நிக்கிறப்ப நீங்க கொடியை ஆட்டுவீங்களா, பொண்ணைப் பார்ப்பீங்களா?"

"ரெண்டையுந்தான்."

"அதெல்லாம் ஆகாது. சொந்தக்காரங்களை அந்தப் பக்கம் பார்க்க விடறதில்லை. நீங்க நீலக் கொடி."

ரெண்டு கொடிக்காரர்களும் எதிரும் புதிருமாக நிற்க வேண்டும். அதுதான் அங்கே முறை. நீலக் கொடிக்காரர் கார் வரும் பக்கம் பார்ப்பார். பின்னால் வேகமான கார் வருகிறது, வழி விடு என்று மெதுவான காருக்கு நீலத்தைக் காட்டுவார். மஞ்சள் கொடிக்காரர் வருகிற காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கார் போகும் பக்கம் பார்ப்பார். அங்கே விபத்து என்றால் மஞ்சளை ஆட்டுவார், வருகிறவர்கள் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். ஒருவர் முதுகுக்கு மற்றவர்தான் கண். ஏதாவது கார் தறிகெட்டு வந்தால் விசில் ஊதுவதும் நீலக் கொடிக்காரர்தான். அத்தனை இரைச்சலிலும் காதைத் துளைக்கிற விசில். அது கேட்டால் ரோட்டில் இருப்பவர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் தடுப்புக்கு இந்தப் பக்கம் குதித்துவிட வேண்டும்.

ஆக, மகளைப் பார்த்துக்கொள்ள வந்தவருக்கு மகள் இருக்கும் பக்கம் முதுகைக் காட்டுகிற வேலை கிடைத்தது. பார்ப்பதற்குக் கிடைத்தது தையல்காரர் முகம்.

வட்ட முகம். வலது கன்னத்தில் ஒரு மரு. வாய் மூடாத ஆள். ஏதாவது யோசித்தாலோ கவலைப்பட்டாலோ மட்டும் ரெண்டு உதடும் உள்ளே மடங்கிக்கொள்ளும், குண்டூசியைக் கவ்வியிருப்பது போல. "தைக்கிறப்ப ஊசியை வாயிலேயே வச்சுப் பழகிட்டேண்ணே. வாயிலே ஊசி இருந்தாத்தான் எனக்கு மூளை வேலை செய்யும்" என்பார்.

"பாப்பா எங்கே?" என்று பிரேக்கு கேட்டார்.

தையல்காரர் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "தண்ணி குடிக்கிறாண்ணே."

கொஞ்சம் கழித்து, "இப்ப?"

"இன்னும் அதே தண்ணிதான்."

"விளையாடாதேய்யா."

"கல்யாணமான புதுசுலகூட நான் ஒருத்தர் மூஞ்சியை இவ்வளவு நேரம் பார்த்ததில்லைண்ணே. என் சம்சாரத்துக்குத் தெரிஞ்சா உங்க மேலே சண்டைக்கு வருவா" என்றார் தையல்காரர்.

காலையில் ஒத்திகை ஓட்டம். ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஒரு கார் வழுக்கிப் போய், ரோட்டோரம் கொட்டி வைத்திருந்த சரளைக்கல்லில் புதைந்தது. தையல்காரர் மஞ்சளை ஆட்டினார். பிரேக்குவின் முதுகுப் பக்கம் தடதடவென்று பூட்ஸ் சத்தம். மகளும் டாக்சிக்காரரும் தடுப்பைத் தாண்டுகிறார்கள். டாக்சிக்காரர் ஒல்லிப்பிச்சான். ஆனால் இழுக்கிற கயிற்றைப் பிடித்தால் விடமாட்டார். அவர்கள் ரெண்டு பேரும் எப்போதும் ஜோடி.

பிரேக்கு வருகிற கார்களைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் பார்த்த ஒரே விஷயத்தைத்தான் பார்த்தார். பிரேக் பிடித்தால் வண்டியின் மூக்கு இறங்கும். பஸ்ஸானாலும் பந்தயக் காரானாலும் இறங்கித்தான் ஆக வேண்டும். ஒரு நீலக் கார் வந்தது. இந்நேரம் மூக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. ஊதினார்.

மகள், டாக்சிக்காரர், காரிலிருந்து இறங்கியிருந்த டிரைவர், மூன்று பேரும் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து விழுந்தார்கள். நீலக் காரோ இன்னும் கொஞ்ச தூரம் வந்து, நறுக்கென்று மூக்கைக் குத்தி, அழகாகத் திரும்பிப் போயே போய்விட்டது.

அடுத்த காருக்கும் ஊதினார். அதுவும் போய்விட்டது. அதற்குப் பிறகு இன்னும் ரெண்டு தரம். கடைசித் தரம் டாக்சிக்காரர் கயிற்றைக் கட்டி முடிக்கப் போகும் நேரம். கயிற்றைப் போட்டுவிட்டுக் குதித்ததில் அவர் முழங்கை தேய்ந்தது. "பெரியவரே, எனக்கு உடம்பிலே மிச்சம் இருக்கிற தோலாவது இருக்கட்டும்" என்று அங்கிருந்தே கத்தினார். மேடையில் எல்லோரும் சிரித்தார்கள்.

வாத்தியார் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்றார். "ஐயா, விசில் எதுக்குக் குடுத்திருக்கு?"

"ஆபத்துன்னா ஊத."

"ஆபத்து வந்துச்சா?"

"வரலை. வந்திருந்தா?"

வாத்தியார் ரேடியோவை ஒருதரம் பார்த்தார், இவரை ஒருதரம் பார்த்தார், போய்விட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் மகள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. புருவம் இப்போதுதான் முளைத்து வந்திருந்தது. பிரேக்கு டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் அவர் சாப்பிடமாட்டார்.

"அப்பா, எல்லாரும் சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும். எனக்கென்ன?"

"சிரிச்சாப் பரவாயில்லைப்பா. ஓட மாட்டாங்க. நீங்க சும்மாச் சும்மா ஊதினா, நிஜமா ஊதறப்ப ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. கடைசியா ஊதினீங்களே, எனக்கே ஓடணுமான்னு ஒரு நிமிஷம் தோணிச்சு."

"என்ன பேச்சு பேசறே? விசில்னா ஓடணும்!"

"அதைத்தான் நானும் சொல்றேன். ரோட்டோரம் வெள்ளைக் கோடு இருக்குல்ல? டயர் அந்தக் கோட்டைத் தாண்டினா ஊதுங்க. உள்ளே இருக்கிற வரைக்கும் அவன் ஓட்டறான்னு அர்த்தம். மூக்கு இறங்கலை, காது இறங்கலைன்னு ஊதாதீங்க. இது உங்க பஸ் இல்லைப்பா."

பிரேக்கு ரொட்டியை மூடினார். காலையில் ஊதிய ஒவ்வொரு தரமும் அவர் நினைத்தது தப்பாகப் போனது உண்மை. இந்தக் கார்கள் பிரேக் பிடிப்பது வேறு மாதிரி, கடைசி நேரத்தில். அது அவருக்குத் தெரியாது. தெரியாததை ஒத்துக்கொள்வதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அதைவிட, தன் விசிலுக்கு மகளே ஓடாமல் போய்விடுவாளோ என்பது நெஞ்சில் போய்த் தைத்துவிட்டது.

"சரி" என்றார்.

"கோட்டைத் தாண்டினா மட்டும்."

"சரின்னு சொன்னேன்ல?"

"மாமா, நீங்கதான் சாட்சி" என்று மகள் தையல்காரரைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் எதுக்கும்மா? உங்கப்பா கையெழுத்தையே உங்கப்பா நம்ப மாட்டார், என் சாட்சியையா நம்பப் போறார்?"

மகள் சிரித்துக்கொண்டே அப்பாவின் ரொட்டியில் பாதியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு போனாள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

பிற்பகல் பந்தயம் தொடங்கியது. பிரேக்கு இப்போது ஒழுங்காகக் கற்றுக்கொண்டார். வளைவுக்கு முன்னால் தூரத்தைக் காட்டுகிற பலகைகள் நட்டிருந்தார்கள். கடைசிப் பலகைக்கு வந்துதான் எல்லாக் காரும் மூக்கை இறக்கின. ஒவ்வொன்றாகப் பார்த்தார். பலகை, மூக்கு. பலகை, மூக்கு. அவ்வளவுதான். இதைக் காலையிலேயே எவனாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"பாப்பா?"

"டாக்சிக்காரர்கிட்ட ஏதோ வம்பளக்கிறா. அந்தாளு முழங்கையைக் காட்டறார்."

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் சத்தம் கேட்டது. சறுக்குகிற சத்தம், அதன் பின்னாலேயே டயர் அடுக்கில் மோதுகிற சத்தம். தையல்காரர் உதடுகள் உள்ளே போயின. ரெண்டு மஞ்சள் கொடிகளையும் எடுத்து ரெண்டு கையாலும் ஆட்டத் தொடங்கினார். ரெண்டு மஞ்சள் என்றால் ரோட்டில் ஆள் இறங்குகிறது, மிகவும் மெதுவாகப் போ என்று அர்த்தம்.

"என்ன ஆச்சு?"

"வெள்ளைக் கார்ணே. மோதி நிக்குது. பின்பக்கம் ரோட்டுல நீட்டிக்கிட்டிருக்கு."

"பாப்பா?"

"தாண்டிட்டா."

பிரேக்கு நீலக் கொடியைக் கீழே வைத்தார். இப்போது அதற்கு வேலை இல்லை. கையில் ஒன்றும் இல்லை. வாயில் விசில், முகத்தில் ரெண்டு கண், இதுதான் அவர் சொத்து. பின்னால் வாத்தியார் ரேடியோவில் கத்துவது கேட்டது. எல்லாக் காரையும் கட்டிப்போட முன்னால் ஒரு வண்டியை விடுவார்கள். விட்டுவிட்டார்களாம், வந்துகொண்டிருக்கிறதாம். வந்துகொண்டிருக்கிறது என்று டிப்போவில் சொன்னால் இன்னும் கிளம்பவில்லை என்று அர்த்தம்.

"டிரைவர் இறங்கலை. பெல்ட்டு மாட்டிக்கிச்சு போல. பாப்பா உள்ளே குனிஞ்சிருக்கா" என்றார் தையல்காரர், கொடியை ஆட்டிக்கொண்டே.

கார்கள் வந்தன. மஞ்சளைப் பார்த்துச் சில கார்கள் ஒழுங்காக மெதுவாகப் போயின. சில, கொடியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, பேருக்குக் குறைத்துக்கொண்டு போயின. பிரேக்கு வாய்க்குள்ளேயே திட்டினார்.

பிறகு ஒரு பச்சைக் கார் வந்தது.

நேராகத்தான் வந்தது. கோட்டுக்கு உள்ளேதான் வந்தது. கடைசிப் பலகை வந்தது. மூக்கு இறங்கவில்லை.

பிரேக்கு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். விசில் பல்லுக்கு நடுவில் இருந்தது. ஊது என்று உடம்பு சொன்னது. டயரைப் பார்த்தார். டயர் கோட்டுக்கு உள்ளே இருந்தது. இது உங்க பஸ் இல்லைப்பா. காலையிலும் இப்படித்தான் தோன்றியது, காலையிலும் ஒன்றும் ஆகவில்லை. ஊதி, அவள் ஓடாமல் நின்றுவிட்டால்? இழுத்த மூச்சை அப்படியே வைத்துக்கொண்டார். ஒரு மூச்சு. அவ்வளவுதான். டாக்டர், மருந்துக்கடை, பூட்டு, கதவு எதையும் நம்பாத மனுஷன், தன் கண் சொன்னதை விட்டுவிட்டு மகள் சொன்னதை ஒரு மூச்சு நேரம் நம்பினார்.

பச்சைக் காரின் முன்சக்கரம் ஒன்று புகைந்தது. கார் ஒரு பக்கமாக இழுத்தது. டயர் கோட்டைத் தாண்டியது.

ஊதினார். கழுத்து நரம்பெல்லாம் புடைக்க ஊதினார். கார் அவரைத் தாண்டிப் போகும்போது சட்டை படபடத்தது. போன பிறகும் ஊதினார். பின்னால் இரும்போடு இரும்பு மோதுகிற சத்தம் வந்தது. அதற்குப் பிறகுதான் விசில் வாயிலிருந்து விழுந்தது.

தையல்காரர் கைகள் கொடிகளை ஆட்டிக்கொண்டே இருந்தன. முகம் மட்டும் அவருடையதாக இல்லை. வாய் திறந்திருந்தது. பிறகு, மெல்ல, உதடுகள் உள்ளே மடங்கின.

"யாரு?" என்றார் பிரேக்கு.

தையல்காரர் கண் அவர் தோளுக்கு மேலேயே இருந்தது.

"யாருய்யா?"

"டாக்சிக்காரர் இந்தப் பக்கம் குதிச்சுட்டார். வாத்தியார் ஓடறார்."

"நான் டாக்சிக்காரனைக் கேக்கலை."

"திரும்பாதீங்கண்ணே. கார் வருது, பாருங்க. கார் வருது."

வந்துகொண்டுதான் இருந்தது. ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று. திரும்ப அரை நொடி போதும், கழுத்தைத் திருப்பினாலே போதும். ஆனால் திரும்பினால் தையல்காரர் முதுகுக்கு ஆள் இல்லை. ரோட்டில் கிடப்பது யாராயிருந்தாலும் அவர்களுக்கும் ஆள் இல்லை. அடுத்த காரும் அப்படியே போனால் ஊத ஆள் இல்லை. திரும்பிப் பார்த்துத்தான் என்ன செய்துவிட முடியும்? பிரேக்கு விசிலைத் தடவி எடுத்து மறுபடி வாயில் வைத்தார். பலகையைப் பார்த்தார். மூக்கைப் பார்த்தார். இறங்கியது. அடுத்தது. இறங்கியது.

"தம்பி" என்றார். அதுவரை அவர் தையல்காரரைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை. "எம் பொண்ணு என்ன ஆனா? சொல்லிடு."

தையல்காரர் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தார். பிறகு அவர் கண்ணைப் பார்த்தார்.

"எந்திரிச்சுட்டாண்ணே. எந்திரிச்சு நிக்கிறா."

சொல்லி முடித்ததும் உதடுகள் உள்ளே போய்விட்டன.

பொய் என்று பிரேக்குவுக்குத் தெரிந்தது. அந்த முகத்தைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், தெரியாமலா போகும்? தெரிந்தே நம்பினார். எந்திரிச்சு நிக்கிறா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வேறென்ன செய்வது? கார் வந்துகொண்டிருந்தது.

சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தினார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. அது வருவதைப் பிரேக்கு பார்த்தார். அவரைத் தாண்டிப் போய்ப் பின்னால் நின்றதைக் கேட்டார். கதவு திறந்ததைக் கேட்டார். பேச்சுக் குரல்களைக் கேட்டார், அதில் மகள் குரல் இருக்கிறதா என்று தேடினார். இல்லை. கதவு மூடியது. ஆம்புலன்ஸ் கிளம்பிக் கீழ்ப்பக்கமாகவே போய்விட்டது. அந்த ரோட்டில் எல்லாம் ஒரே திசையில்தான் போகும். வருவதெல்லாம் அவர் முகத்துக்கு நேரே வந்தது. போனதெல்லாம் முதுகுக்குப் பின்னால் போனது.

மெதுவாக ஊர்ந்து வந்த கடைசிக் காரும் போன பிறகு வாத்தியார் வந்து தோளைத் தொட்டார்.

"திரும்பலாம்யா."

திரும்பினார். வெள்ளைக் கார் இருந்தது. அதன் விலாவில் பச்சைக் கார் செருகி நின்றது. டயர் அடுக்கு சரிந்து கிடந்தது. அவள் இல்லை. டாக்சிக்காரர் தடுப்பில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கையில் ஒரு கையுறை. சின்னக் கையுறை.

"விசில் கேட்டுச்சு பெரியவரே" என்றார் டாக்சிக்காரர். யாரும் கேட்காமலே சொன்னார். "கேட்ட உடனே குதிச்சேன். அவளும் குதிக்கத்தான் பார்த்தா. உள்ளே இருந்த டிரைவர் பயத்துல அவ கையைப் பிடிச்சுக்கிட்டு விடலை. உருவிக்கிட்டு வரணும்ல. கையுறை கழண்டு வந்துச்சு. தடுப்பு மேலே ஏறிட்டா, ஒரு கால் இந்தப் பக்கம் வந்துடுச்சு."

"ஒரு மூச்சு முன்னாடி ஊதியிருந்தா?"

டாக்சிக்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "அதெப்படிங்க சொல்றது?"

அதெப்படிச் சொல்வது? பிரேக்கு தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து வாத்தியார் ஆறுதலாகப் பேசத் தொடங்கினார். "ஐயா, நீங்க ஒரு தப்பும் பண்ணலை. கேமராவுல பார்த்துட்டாங்களாம், இப்பத்தான் ரேடியோவுல சொன்னாங்க. டயர் கோட்டைத் தாண்டின அதே நொடி விசில். புத்தகத்துல போட்டிருக்கிற மாதிரி."

தப்புப் பண்ணினாய் என்று ஒருத்தன் சொல்லியிருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருக்கலாம்.

ஆஸ்பத்திரிக்குத் தையல்காரர்தான் தன் ஸ்கூட்டரில் கூட்டிப்போனார். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரே ஒரு நிமிஷம் மகளைப் பார்க்க விட்டார்கள். தள்ளுவண்டியில் படுத்திருந்தாள். இடுப்புக்குக் கீழே துணி போர்த்தியிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. ஊசி மயக்கத்தில் நாக்குக் குழறியது.

"அப்பா."

"சொல்லும்மா."

"விசில்... கரெக்டா ஊதினீங்கப்பா. சொன்ன மாதிரியே."

பிரேக்கு வாயைத் திறந்தார். இல்லை பாப்பா, எனக்கு முன்னாடியே தெரிஞ்சுது என்று சொல்ல வேண்டும். எதற்குச் சொல்வது? சொன்னால் அவளுக்கு என்ன கிடைக்கப் போகிறது? முளைத்து வந்துகொண்டிருந்த அந்தப் புருவத்தை விரலால் ஒருதரம் தடவினார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

டாக்டர் வெளியே வந்து சொன்னது நாலே வார்த்தை. உயிருக்குப் பயமில்லை. இடது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருக்கிறது. காப்பாற்றப் பார்க்கிறோம். திறந்து பார்த்தால்தான் தெரியும். இன்னொரு டாக்டரிடம் விசாரிக்க வேண்டும் என்று பிரேக்குவுக்குத் தோன்றவில்லை. காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை.

மனைவி ஆட்டோவில் வந்து இறங்கினாள். வீட்டைப் பூட்டினாளோ இல்லையோ, அவரும் கேட்கவில்லை. அழுது முடித்த முகத்தோடு வந்திருந்தாள். எதிரே நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அவளைப் பார்த்துக்கத்தானே போனீங்க?"

"ஆமா."

"அப்ப எங்கே பார்த்துக்கிட்டிருந்தீங்க?"

"இவரைத்தான்" என்று தையல்காரரைக் காட்டினார்.

மனைவிக்குப் புரியவில்லை. புரியவைக்க அவரிடம் தெம்பு இல்லை. அவள் ஜன்னலோரம் போய் நின்று, தன் அக்காவுக்குப் போன் போட்டு, மறுபடி முதலிலிருந்து அழ ஆரம்பித்தாள்.

ஆபரேஷன் அறைக்கு எதிரே ஒரு நீள பெஞ்சு. பிரேக்கு அதில் கதவுக்கு முதுகைக் காட்டி, காலை இந்தப் பக்கம் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். தையல்காரர் எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றார். ஆரஞ்சு அங்கியை ரெண்டு பேருமே இன்னும் கழற்றவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்படி வந்து உட்காருங்கண்ணே. கதவு தெரியும்" என்றார் தையல்காரர்.

"வேண்டாம். நீ பாரு."

"அண்ணே, அங்கே நான் பொய் சொன்னேன்."

"தெரியும்."

"நீங்க திரும்பிட்டா என்ன ஆகியிருக்கும்னு..."

"தெரியும்யா. விடு."

ஜன்னலில் வெயில் இறங்கிவிட்டது. ஒரு ஆள் தரையைத் துடைத்துக்கொண்டே வந்து, பிரேக்குவைக் காலைத் தூக்கச் சொல்லி, துடைத்துவிட்டுப் போனான். தையல்காரர் கதவைப் பார்த்தார். பிரேக்கு தையல்காரரைப் பார்த்தார். அந்த மரு, அதில் ஒரு முடி. காலையில் அந்த முடி கண்ணில் படவில்லை.

பின்னால் கதவு திறந்தது. ரப்பர் செருப்புச் சத்தம். ரெண்டு அடி வைத்து நின்றுவிட்டது.

வந்தவர் முழங்காலைத் தொட்டுக் கையை அசைத்தாரோ, தலையை அசைத்தாரோ, பிரேக்கு திரும்பவில்லை.

"எந்திரிச்சு நிப்பாளா?" என்று தையல்காரரைக் கேட்டார்.

தையல்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். உதடுகள் உள்ளே மடங்கின. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி அந்த மருவைச் சுற்றிக்கொண்டு ஓடியது.

பிரேக்கு அப்படியே உட்கார்ந்திருந்தார். திரும்பலாம் என்று யாராவது வந்து தோளைத் தொடும்வரை உட்கார்ந்திருந்தார்.